கருவி தமிழன் கையில். கையேடு எவர் மொழியில்?

வடசென்னையில் இராயபுரத்தையும் பழைய வண்ணாரப்பேட்டையையும் ஒட்டிக் கிடக்கிறது கல்மண்டபம். கிழக்கே கூப்பிடு தொலைவில் கடல். தெற்கே துறைமுகம். வடகிழக்கே காசிமேட்டு மீன்துறை. வடக்கே நெடுகிலும் திருவொற்றியூர், எண்ணூர்த் தொழிற்சாலைகள். தென்னாட்டின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு சூலைத் திங்களில் புறப்பட்டது இவ்விராயபுரத்திலிருந்தே. நாட்டின் முதற் சரக்குப்பெட்டக முனையங்களுள் ஒன்று 1983இல் அமைந்ததும் இத்துறைமுகத்திலேயே. தோளாலும் கையாலும் நாட்டைத் தூக்கி நிறுத்திய உழைப்பாளரின் நிலம் இது.

இப்பகுதியின் பட்டறைகளில் வழங்கும் சொற்களைச் செவிகொடுத்துக் கேட்பார்க்கு ஓர் உண்மை புலனாகும். கடைசல், வார்ப்படம், திருப்புளி, குறடு, அரம், உளி, சாணை, மரை என்பன போன்ற தமிழ்ச்சொற்கள் அங்கே இயல்பாக வழங்குகின்றன. இவற்றை எந்தக் குழுவும் கூடியிருந்து ஆக்கவில்லை. எந்த அரசாணையும் அறிவிக்கவில்லை. வேலை செய்தவன் வேலையினூடே பெயரிட்டான்; அப்பெயர் நிலைத்தது. காசிமேட்டுக் கடலோரத்தில் காற்றுக்கும் நீரோட்டத்திற்கும் வலைக்கும் பெயர்கள் அவ்வாறே பிறந்தன. கட்டுமரம் என்னும் சொல்லை ஆங்கிலேயன் தன் அகரமுதலியில் ஏற்றிக்கொண்டதற்கும் அதுவே கரணியம். படைத்தவன் இட்ட பெயரைப் பயன்கொள்பவன் ஏற்கத்தானே வேண்டும்!

ஆயின், அதே பட்டறைகளில் போல்ட்டு, நட்டு, வெல்டிங்கு, கியர் என அயற்சொற்களும் குவிந்து கிடக்கின்றன. தமிழனுக்குச் சொல்வளம் இல்லாமையா இதற்குக் கரணியம்? இல்லை. கைக்கருவி தமிழன் கையிலேயே பிறந்தது. ஆகவே தமிழ்ப் பெயரோடு பிறந்தது. பொறிகளோ கப்பலில் வந்து இறங்கின. இறங்கும்போதே ஆங்கிலக் கையேட்டையும் உடன் கொண்டு இறங்கின. கையேடு எம்மொழியிலோ, பட்டறையின் சொல்லும் அம்மொழியிலேயே அமைந்தது. இந்த ஒன்றை உள்ளத்தில் நிறுத்திக்கொண்டு இற்றைநாள் பொறிகளுள் தலையாயதாகிய கணிப்பொறியை நோக்குதல் வேண்டும்.

கணிப்பொறியின் உள்ளுறுப்பை ஆளும் மொழிகளுள் முகன்மையானது சி மொழி. அமெரிக்கப் பெல் ஆய்வகத்தில் தெனிசு இரிச்சி என்பார் 1972ஆம் ஆண்டளவில் இதனை உருவாக்கினார். யூனிக்சு என்னும் இயக்க அமைப்பு 1973இல் இம்மொழியில் திரும்ப எழுதப்பட்டது. இன்று கையிற் பிடிக்கும் பேசி முதல் துறைமுகத்தின் சரக்குக் கணக்கை வைத்திருக்கும் பெருங்கணினி வரை, இயக்க அமைப்பின் கருப்பகுதி பெரும்பாலும் இம்மொழியிலேயே எழுதப்பட்டுள்ளது. நிரல் எழுதுவோன் கோப்பைத் திறக்கவும், படிக்கவும், எழுதவும், புதிய நிரலொன்றை ஓடவிடவும் இயக்க அமைப்பை நோக்கி விடுக்கும் வேண்டுகோள்கள் அமைப்பு அழைப்புகள் எனப்படும். இவ்வழைப்புகளையும், இவற்றைச் சூழ்ந்தமைந்த நூலகச் செயற்கூறுகளையும் ஒவ்வொன்றாக விளக்குவதே கையேட்டின் பணி.

இங்கே வியப்பிற்குரிய செய்தியொன்றுண்டு. சி மொழிக்கும் மூத்தது அக்கையேடு! கென் தாம்சனும் தெனிசு இரிச்சியும் எழுதிய யூனிக்சுக் கையேட்டின் முதற்பதிப்பு 1971ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாளிட்டது. கருவியைச் செய்தவர்களே கையேட்டையும் எழுதினார்கள். கருவியை முதலில் முடிப்போம், விளக்கத்தைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என்று அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. எழுதும்போது விளக்க இயலாத உறுப்பு, ஆக்கத்திலும் கோணலானது என்பதை எழுத்தே அவர்களுக்குக் காட்டியது. அப்பதிப்பில் இடம்பெற்ற திறத்தல், படித்தல், எழுதுதல், மூடல், கிளைத்தல், காத்திருத்தல் ஆகிய அழைப்புகள் அரை நூற்றாண்டிற்கு மேலாகியும் இன்றளவும் அதே பெயரில் அதே பணியைச் செய்துவருகின்றன.

அக்கையேட்டின் ஒவ்வொரு பக்கமும் ஓர் ஒழுங்கிற்கு உட்பட்டது. முதலில் பெயர், அடுத்து வடிவம், அதன்பின் விளக்கம், பின்னர்த் தொடர்புடைய கோப்புகள், உடன் காணத்தக்க பிற பக்கங்கள், பிழை நேர்ந்தால் தோன்றும் குறிப்புகள், அவற்றின்பின் குறைகள். ஆம், குறைகள்! தாம் செய்த கருவியில் உள்ள குறையைத் தாமே எழுதி வைக்கும் நேர்மை அப்பக்கத்தின் உறுப்புகளுள் ஒன்று. பிற்காலத்துக் கையேடுகளில் திருப்பும் மதிப்பு, பிழைகள் என்னும் தனித் தலைப்புகளும் சேர்ந்தன.

தமிழ் மரபறிந்தோர்க்கு இவ்வொழுங்கு புதியதன்று. நூற்பாவிற்கு உரை வகுத்த ஆசிரியன்மார் கருத்துரைத்தல், சொற்பொருள் கூறல், எடுத்துக்காட்டுத் தருதல், வினா எழுப்பி விடையிறுத்தல் என்னும் உறுப்புகளை வரையறுத்து வைத்தனர். தொல்காப்பிய மரபியல் நூலுக்குரிய உத்திகள் முப்பத்திரண்டென எண்ணி வைத்துள்ளது. சுருங்கிய நூற்பாவும் விரிந்த உரையும் என்னும் இணையை ஈராயிரம் ஆண்டாகப் பயின்ற மொழி தமிழ். கையேடெழுதும் கலைக்கு இதனினும் சிறந்த பயிற்சி எம்மொழிக்கு வாய்த்தது?

ஆங்கிலம் அறிந்தவனுக்குக் கையேடு தேவையில்லை, பெயரைக் கண்டாலே பொருள் விளங்கும் என்று எண்ணுவாரும் உளர். அவர் எண்ணம் தவறென்பதற்குச் சான்றுகள் அக்கையேட்டிலேயே மலிந்துள்ளன. ‘கில்’ என்றொரு செயற்கூறு உண்டு. ஆங்கிலத்தில் அதற்குக் கொல் என்பது பொருள். ஆயின் அச்செயற்கூறு செய்வது, ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குக் குறிகை ஒன்றை அனுப்புதல் மட்டுமே. குறிகை எண் சுழியமாயின் எதுவும் கொல்லப்படாது. எதுவும் அனுப்பப்படவும் மாட்டாது. அப்படியொரு நிரல் உள்ளதா, அதற்குக் குறிகை விடுக்க உரிமையுண்டா என்று சரிபார்ப்பதோடு அமையும். கோப்பை ஆக்கும் ‘கிரியேட்டு’ என்னும் அழைப்பின் பெயரில் ஆங்கில எழுத்துக்கூட்டலின் இறுதியெழுத்தே இல்லை. யூனிக்சைத் திரும்பச் செய்தால் எதை மாற்றுவீர் என்று கேட்டபோது, அவ்வெழுத்தைச் சேர்ப்பேன் என்று கென் தாம்சன் நகைச்சுவையாக விடையிறுத்தார் என்பர்.

‘சிசுடம்’ என்னும் செயற்கூற்றையும் நோக்குக. அமைப்பு என்பது அப்பெயரின் பொருள். ஆனால் அமைப்பென்னும் சொல் அது செய்யும் பணியைச் சிறிதும் உணர்த்தாது. ஒரு கட்டளைத் தொடரை எழுத்துச் சரமாகக் கொடுத்தால், அதனை இயக்க அமைப்பின் கட்டளை ஏற்பியிடம் ஒப்படைத்து, அது முடியுமளவும் காத்திருந்து, முடிந்த நிலையைத் திருப்பித் தருவது அதன் வேலை. சேய் நிரலை உருவாக்க இயலாது போயின் −1 என்று திருப்பும். வெற்றுச் சுட்டைக் கொடுத்தாலோ கட்டளை ஏற்பி உள்ளதா இல்லையா என்பதை மட்டும் தெரிவிக்கும். மிகையுரிமையோடு ஓடும் நிரல்களில் இதனைப் பயன்படுத்தலாகாது, பகைவன் சூழலை மாற்றி வைத்துத் தன் கட்டளையை ஓடவிடக்கூடும் என்று கையேடு எச்சரிக்கிறது. இவ்வளவும் ஒரு பெயரின் பின்னே மறைந்துள்ளன. ஆங்கிலேயனுக்கும் இவை கையேட்டைப் படித்தாலன்றி விளங்கா. எனவே பொருளைத் தருவது கையேட்டின் விளக்கவுரையே என்பது தெளிவு. அவ்வுரை எம்மொழியில் உள்ளதோ அம்மொழியாளனே அக்கருவியின் உள்ளே புகுகிறான்.

இனிக் கல்மண்டபத்திற்குத் திரும்புதல் வேண்டும். துறைமுகத்தில் சுமை தூக்கியவரின் பேர்த்தியும், வலை பின்னுபவரின் மகனும் தமிழ்வழியில் மேல்நிலைக் கல்வி பயில்கின்றனர். 2018ஆம் ஆண்டு வெளிவந்த தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின்படி பதினோராம் வகுப்பில் சி மொழியின் வழிவந்த சி++ மொழியையும், அடுத்த ஆண்டு பைத்தான் மொழியையும் அவர்கள் தமிழிலேயே கற்கின்றனர். அப்பாடநூல்களில் செயற்கூறு உண்டு, மாறி உண்டு, அணி உண்டு, சுட்டு உண்டு, அளபுரு உண்டு, செயலுருபு உண்டு, தலைப்புக் கோப்பு உண்டு, நிரல்பெயர்ப்பி உண்டு. வினைக்கு உரியவற்றை உணர்த்தும் வேற்றுமை உருபைப் போலச் செயற்கூற்றிற்குக் கொடுக்கப்படுவது செயலுருபு. எத்துணை அழகிய ஆக்கம்! தமிழிலக்கணம் அறிந்த மாணவிக்கு அச்சொல்லே பாதிப் பாடத்தை நடத்திவிடுகிறது.

பன்னிரண்டாம் வகுப்போடு அந்தச் சாலை முடிந்துவிடுகிறது. கல்லூரியில் கால்வைத்த அன்றே அச்சொற்கள் அனைத்தும் அவளிடமிருந்து பறிக்கப்படுகின்றன. ஈராண்டு அரும்பாடுபட்டுக் கற்றவை ஒரே நாளில் செல்லாக் காசாகின்றன. கணிப்பொறித் திரையில் கையேட்டைத் திறந்தால் முழுதும் ஆங்கிலம். அறிவிற் குறைவில்லாத அம்மகள், மொழியின் வாயிலில் நிறுத்தப்பட்டு, தான் அறிவிலி போலும் என்று எண்ணத் தலைப்படுகிறாள். பொருள் விளங்காமல் விடையை மனப்பாடம் செய்து தேர்வெழுதித் தப்புகிறாள். அக்கருவியைப் புதிதாகப் படைக்கும் துணிவு அவளுக்கு எங்கிருந்து பிறக்கும்?

தமிழ் கணினியில் ஏறிவிட்டது என்று மகிழ்வோர்க்கு மறுப்பில்லை. 1991இல் ஒருங்குறியில் தமிழெழுத்துகள் இடம்பெற்றன. 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 விசைப்பலகை வந்தது. பணம் தரும் பொறி தமிழில் பேசுகிறது; கைப்பேசி தமிழில் பட்டியலிடுகிறது. இவையெல்லாம் முகப்பில் வீற்றிருக்கும் தமிழ். வாங்குவோனும் பயன்கொள்வோனும் காணும் தமிழ். ஆக்குவோன் காணும் இடத்தில், அறைகளின் உள்ளே, அடித்தளத்தில் தமிழ் இல்லை. தமிழன் நுகர்வோனாக இருக்கும்போது தமிழில் அழைக்கப்படுகிறான். படைப்போனாக எழும்போது வேற்றுமொழி பேசு என்று ஆணையிடப்படுகிறான். வணிகன் தன் ஊதியத்திற்காக முகப்பைத் தமிழாக்குவான். அடித்தளத்தைத் தமிழாக்குதல் தமிழனின் கடமை. அதனை எவ்வணிகனும் செய்து தரப்போவதில்லை.

தமிழில் இவ்வகைப் பணி நடந்ததே இல்லையா? நடந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழரிடையே வாழ்ந்து, தமிழ் கற்று, மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறும் அறுவை மருத்துவமும் வேதியலும் தமிழ் நூல்களாயின. கடல்கடந்து வந்த அயலவர் ஒருவர் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டிற்கு முன்பே செய்து காட்டியதை இயலாதென்று இன்றைத் தமிழர் கூறுதல் நாணத்தக்கது. மறைமலையடிகள் தனித்தமிழ்ப் பயிரை ஊன்றிய அதே 1916ஆம் ஆண்டில் சேலத்திலும் அறிவியற் கலைச்சொல் தொகுக்கும் முயற்சி தொடங்கிற்று. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் சொல்லாக்க முயற்சியால் 1938இல் கலைச்சொற்கள் என்னும் தொகுப்பு வெளிவந்தது. 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் பட்டப்படிப்பு தமிழ்வழியில் தொடங்கியது. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. தமிழ்ச் சொற்களாலேயே நிரலெழுதத்தக்க எழில் என்னும் கணிமொழியின் பணி 2007இல் தொடங்கிற்று. 2012 முதல் கணியம் என்னும் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் விளக்கி வருகிறது.

இம்முயற்சிகளால் சொல் பெருகியது, பாடநூல் வந்தது, இதழ் வந்தது. ஆனால் தொழில் செய்பவன் நாள்தோறும் புரட்டும் கையேடு வரவில்லை. இங்கே தனித்தமிழ் அன்பர்கள் தம் நெஞ்சைத் தாமே கேட்டுக்கொள்ளுதல் நலம். கணினியா, கணிப்பொறியா, கணிப்பானா என்று எத்தனை ஆண்டு வழக்காடியாயிற்று! அவ்வழக்கில் செலவிட்ட மையில் நூறு பக்கக் கையேட்டை எழுதி முடித்திருக்கலாமே! சொல் நிலைபெறுவது புழக்கத்தில். திருப்புளியும் குறடும் நின்றது பட்டறையில் நாள்தோறும் கேட்டு வாங்கப்பட்டமையால். அகரமுதலியில் அடைபட்ட சொல் கூட்டிற் கிடக்கும் விதை. கையேட்டில் விழுந்த சொல்லே நிலத்தில் விழுந்த விதை.

இப்பணிக்கு எதிராகக் கூறப்படுவன மூன்று. ஒவ்வொன்றையும் எடைபோடுதல் தகும்.

முதலாவது, வேலை கிடைப்பது ஆங்கிலத்தால்; தமிழ்க் கையேட்டால் வயிறு நிறையுமா என்பது. ஆங்கிலம் கற்றலை எவரும் தடுக்கவில்லை. ஆனால் பொருளை அறிந்தவன் அதற்குரிய ஆங்கிலச் சொல்லை எளிதிற் பற்றிக்கொள்வான். சொல்லை மட்டும் உருப்போட்டவன் பொருளைப் பற்றுதல் அரிது. சப்பானியரும் செருமானியரும் பிரெஞ்சியரும் இதே இலினக்சுக் கையேட்டுப் பக்கங்களைத் தத்தம் மொழிக்குப் பெயர்த்து வைத்துள்ளனர். அவர்கள் தொழிலில் தாழ்ந்தனரா, உயர்ந்தனரா என்பதை உலகறியும்.

இரண்டாவது, கணினித்துறை நாளும் மாறுவது. எழுதி முடிப்பதற்குள் பழையதாகிவிடும் என்பது. மேற்பூச்சு மாறும், அடித்தளம் எளிதில் மாறாது. 1971ஆம் ஆண்டுக் கையேட்டின் அழைப்புகள் இன்றும் வாழ்கின்றன என்பது முன்னரே காட்டப்பட்டது. சி மொழிக்கு 1989இல் அமெரிக்கத் தரமும் 1990இல் உலகத் தரமும் அமைந்தன. அத்தரத்தின் நூலகச் செயற்கூறுகளில் மிகப் பெரும்பாலானவை இன்றும் வழக்கில் உள்ளன. அடித்தளத்தைத் தமிழில் எழுதி வைத்தால் அது பல்லாண்டு நிற்கும்.

மூன்றாவது, தனித்தமிழ் அன்பர்களிடமிருந்தே எழுவது. செயற்கூற்றின் பெயர் ஆங்கிலமாக இருக்க விளக்கத்தை மட்டும் தமிழாக்கி என்ன பயன் என்று அவர்கள் வினவுவர். இது நேர்மையான வினா; நேர்மையான விடையே தரப்படல் வேண்டும். செயற்கூற்றின் பெயர் பூட்டிற்குரிய திறவுகோல் போன்றது. அதன் பல்லை மாற்றினால் பூட்டுத் திறவாது. நிரல்பெயர்ப்பி அறிந்த பெயரை அவ்வாறே எழுதி, அருகே தமிழ்ப் பெயரையும் பொறித்தல் இப்போதைக்கு உரிய வழி. ‘போர்க்கு’ என்னும் அழைப்பு, ஓடும் நிரலொன்றை இரண்டாகக் கிளைக்கச் செய்வது. தாய் நிரலுக்குச் சேய் நிரலின் எண்ணையும், சேய் நிரலுக்குச் சுழியத்தையும் திருப்புவது. இதற்குக் கவை என்பதைவிடப் பொருந்திய பெயர் உண்டோ? கிளை இரண்டாகப் பிரியுமிடத்தைக் கவை என்றே தமிழன் காலங்காலமாக வழங்கி வருகிறான். மேலும், 1999ஆம் ஆண்டுச் சி மொழித் தரம் பெயர்களில் தமிழெழுத்துகளும் இடம்பெற இசைவளித்தது. 2020இல் வந்த குனூ நிரல்பெயர்ப்பியின் 10ஆம் பதிப்பு, அவ்வெழுத்துகளை நேரடியாகவே எழுத வழிசெய்தது. ஆகவே தமிழ்ப் பெயர்களைத் தாங்கிய தலைப்புக் கோப்பொன்றை ஆக்கிப் பழைய பெயர்களோடு பிணைத்தல் இன்று கைகூடத்தக்க செயலே. ஆயின் அதற்கு முன்படி விளக்கவுரை. உரையில்லாப் பெயர் வெறும் ஒலி.

கையேட்டுப் பக்கம் தமிழில் எவ்வாறு அமையும் என்று ஐயுறுவோர்க்காகப் படித்தல் அழைப்பின் பக்கம் இங்கே சுருக்கமாக எழுதிக் காட்டப்படுகிறது.

பெயர்: ‘இரீடு’. திறந்துள்ள கோப்பிலிருந்து படிப்பது.

வடிவம்: செயலுருபுகள் மூன்று. முதலாவது, கோப்பைத் திறந்தபோது கிடைத்த கோப்பு எண். இரண்டாவது, படித்தவற்றை இட்டு வைக்கும் நினைவிடத்தைக் காட்டும் சுட்டு. மூன்றாவது, மிகுதியாக எத்தனை பைட்டுகள் படிக்கலாம் என்னும் எண்.

விளக்கம்: கோப்பில் அப்போதைய இடத்திலிருந்து தொடங்கிப் படிக்கும். படித்த அளவிற்கு அவ்விடம் முன்னே நகரும். அடுத்த முறை அங்கிருந்தே படிப்பு தொடரும்.

திருப்பும் மதிப்பு: எத்தனை பைட்டுகள் படிக்கப்பட்டன என்னும் எண். கேட்டதினும் குறைந்து வருதல் பிழையன்று. சுழியம் வரின் கோப்பு முடிந்தது. −1 வரின் பிழை. பிழையின் வகை ‘எர்ணோ’ என்னும் மாறியில் இருக்கும்.

பிழைகள்: கோப்பு எண் செல்லாதது, அல்லது கோப்பு படிப்பதற்காகத் திறக்கப்படவில்லை. சுட்டு காட்டும் நினைவிடம் தவறானது. எதுவும் படிக்கப்படுமுன் குறிகையொன்று இடைமறித்தது.

உடன் காண்க: திறத்தல், எழுதுதல், மூடல்.

இப்பக்கத்தில் விளங்காத பகுதி யாது? பதினோராம் வகுப்புத் தமிழ்வழி மாணவி எவளும் இதனைப் படித்த அளவிலேயே உணர்வாள். பைட்டு என்னும் ஒரு சொல் மட்டும் அயலொலியோடு நிற்கிறது. நல்ல தமிழ்ச்சொல் நிலைபெறும் வரை அது இரவற் பாயில் அமர்ந்திருக்கட்டும். ஒரு சொல் கிட்டவில்லை என்பதற்காகப் பக்கத்தையே எழுதாது விடுதல், ஒரு செங்கல் குறைந்ததென்று வீட்டையே கட்டாது விடுதல் போலும்.

இத்தகைய பக்கத்தைக் கல்லாமையின் இழப்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எழுதும் அழைப்பும் கேட்டதினும் குறைவாக எழுதிவிட்டு அவ்வெண்ணைத் திருப்புவதுண்டு. வட்டில் இடம் நிறைந்துபோனால் அவ்வாறு நேரும். கையேட்டைப் படிக்காதவன் அவ்வெண்ணைப் பாராமல் விடுவான். எழுதப்பட்டதாக அவன் நம்பிய கணக்கு எழுதப்படாமலே போகும். மருத்துவமனையின் நோயாளர் பதிவாயினும், கூட்டுறவுக் கடையின் வரவு செலவாயினும், அழிந்தது அழிந்ததே. ஒரு வரி விளக்கம் அறியாமையால் நேர்வது இது. அவ்வொரு வரி அயல்மொழியில் இருத்தலால், தாய்மொழியில் மட்டும் தேர்ந்தவன் அதனைக் காணாது கடந்து செல்கிறான்.

செய்ய வேண்டுவன அரியவை அல்ல. கருவிகளின் உரிமை தடையாக இல்லை. இரிச்சர்டு இசுட்டால்மன் 1983இல் அறிவித்த குனூத் திட்டத்தின் வழிவந்த சி நூலகக் கையேடு, 2000ஆம் ஆண்டு முதல் வழங்கும் தன்னுரிமை ஆவண உரிமத்தின் வகையில், எவரும் பெயர்க்கவும் பரப்பவும் இசைவு பெற்றுள்ளது. தமிழ்நாட்டிற்கும் இலங்கைக்கும் உரிய தமிழ் எண், நாள், நாணய வழக்குகளைத் தாங்கிய கோப்புகள் அந்நூலகத்தினுள் முன்னரே இடம்பெற்றுள்ளன. பிழைச்செய்திகளை அவரவர் மொழியில் காட்டும் ஏற்பாடும் அதனுள் அமைந்துள்ளது. கதவு திறந்தே கிடக்கிறது. உள்ளே புகுவார்தாம் வேண்டும்.

தமிழ் கற்றோரும் நிரல் கற்றோரும் ஓரிடத்தில் அமர்தல் முதற்படி. தமிழாசிரியன் தனித்து எழுதினால் சொல் சிறக்கும், பொருள் பிறழும். பொறியாளன் தனித்து எழுதினால் பொருள் சிறக்கும், சொல் பிறழும். பாடநூல் தந்த சொற்களை மாற்றாது ஏற்றுக்கொள்ளுதல் இரண்டாம் படி. மாணவி கற்ற சொல்லை மறுபடியும் மாற்றி அவளை அலைக்கழித்தல் கொடுமை. நாளும் வழங்கும் ஐம்பது செயற்கூறுகளை முதலில் எடுத்துக்கொள்ளுதல் மூன்றாம் படி. ஒவ்வொரு பக்கத்தையும் தமிழ்வழி மாணவர் ஒருவரிடம் கொடுத்து, அவர் அதனைப் படித்தே நிரலெழுதிக் காட்டிய பின்னரே ஒப்புதல் தருதல் நான்காம் படி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் குறைகள் என்னும் தலைப்பை வெட்கமின்றி இட்டு, தம் மொழிபெயர்ப்பின் குறையைத் தாமே எழுதி வைத்தல் ஐந்தாம் படி.

இதற்கு மாளிகை வேண்டா. பன்னாட்டு மாநாடு வேண்டா. கல்மண்டபத்துத் தெருவொன்றில் மாலையில் திறக்கும் படிப்பகமும், பழைய கணிப்பொறி ஒன்றும், கிழமைக்கு ஒரு பக்கம் எழுதி முடிக்கும் நால்வரும் போதும். கிழமைக்கு ஒன்றெனின் ஓராண்டில் ஐம்பது பக்கம் உருவாகிவிடும்.

துறைமுகத்தில் இறங்கிய பொறிகளோடு அயல்மொழிக் கையேடும் இறங்கியது. அன்று வாளாவிருந்தமையால் பட்டறையின் சொல் பாதி பறிபோயிற்று. கணிப்பொறியிலும் அதே பிழை நேரின், அதற்கு அயலவனைப் பழித்தல் ஆகாது. கட்டுமரத்திற்குப் பெயரிட்டவனின் வழித்தோன்றல்கள் கவைக்கும் குழாய்க்கும் கோப்பிற்கும் உரையெழுத மாட்டாரா? எழுதுவர், எழுதியே தீர்தல் வேண்டும். முதற்பக்கம் இக்கிழமையே தொடங்குக!